மாதவரத்து நர்சரியும் நான்கு ஆனைக் கற்றாழைக் கன்றுகளும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பல ஆண்டுகளாக வளர்ந்திருந்த ஆனைக் கற்றாழைகள் (சோற்றுக் கற்றாழை அல்ல, நார் இலை கொண்ட வேறு செடி), 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அடியோடு அழுகிப் போயின. புதிய கன்று தேடி அலைந்தபோதுதான், மாதவரத்திலிருந்து புழல் செல்லும் சாலையோரத்தில் உள்ள இந்த நர்சரிக்கு முதன்முதலாகச் சென்றேன். 2024 பிப்ரவரியில் இங்கே வாங்கிய நான்கு கன்றுகளும் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

தாய்ச்செடியைக் காட்டிவிட்டுக் கன்றை நம் கண்ணெதிரில் பிரித்துத் தருவதுதான் இந்த இடத்தின் பெரிய சிறப்பு. நான் போன மற்ற கடைகளில் கன்றைப் பிளாஸ்டிக் தொட்டியில் செருகி வைத்திருப்பார்கள். அதற்கு வேர் இருக்கிறதா, வெறும் தண்டு மட்டும் நிற்கிறதா என்பது வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். இங்கே செடிகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், பக்கத்து மண்ணைக் கையால் ஒதுக்கி, தாயையும் கன்றையும் இணைக்கும் நிலத்தடித் தண்டைத் துடைத்த கத்தியால் ஒரே வெட்டில் பிரித்து, கன்றோடு நாலைந்து வேராவது வரும்படி எடுத்துத் தந்தார். அரைச் சாண்கூட வளராத ஒரு கன்றை நான் கேட்டபோது, "இது இன்னும் தாய்கிட்டதான் குடிக்குதும்மா, ரெண்டு மாசம் போகட்டும்" என்று சொல்லி விற்க மறுத்துவிட்டார். வியாபாரத்தைவிடச் செடியைப் பெரிதாக நினைக்கும் ஒருவர் கடையில் இருப்பது வாங்குகிறவர்களுக்கு நல்லது.

வெட்டிய இடம் நிழலில் ஐந்தாறு நாள் காய்ந்து தோல் கட்டிய பிறகே நட வேண்டும் என்றும், நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றும் அவரே சொல்லி அனுப்பினார். அது சரியான அறிவுரை. ஈர மண்ணில் பச்சைக் காயத்தோடு வைத்தால் பூஞ்சை எளிதில் உள்ளே புகும். தடித்த இலைகளில் நீர் சேர்ந்திருப்பதால், அந்த இரண்டு வாரத் தாகம் கன்றை ஒன்றும் செய்துவிடாது.

குறை இருப்பது அவர்கள் விற்கும் மண் கலவையில். கற்றாழைக்கென்றே தயாரித்தது என்று சொல்லித் தந்த பையில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவுதான் இருந்தது. அதில் இரண்டு கன்றுகளை நட்டேன். மற்ற இரண்டை, செம்மண் ஒரு பங்கு, தூள் போகக் கழுவிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒரு பங்கு, சுண்டு விரல் நக அளவுக்கு உடைத்த செங்கல் ஒரு பங்கு என நானே கலந்து மண் தொட்டிகளில் வைத்தேன். கோடை முழுவதும் நான்குக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் கடற்காற்றின் ஈரப்பதம் எப்போதும் இருக்கும் எங்கள் பகுதியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு நார்க்கழிவு காயவே இல்லை. நவம்பர் இறுதிக்குள் அந்த இரண்டு கன்றுகளின் குருத்தும் இழுத்தால் கையோடு வந்துவிடும் நிலைக்குப் போய்விட்டது. செங்கல் கலவையில் இருந்தவை அதே மழையில் நனைந்தும் திடமாக நின்றன. அவற்றில் ஒன்று இப்போது பக்கக் கன்றும் விட்டிருக்கிறது. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள தூளே தொட்டியின் துளையை அடைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கன்றை இங்கே வாங்குங்கள், கலவையை வாங்க வேண்டாம்.

இன்னொன்றை நர்சரி உரிமையாளர் தயவுசெய்து கவனிக்க வேண்டும். சோற்றுக் கற்றாழையும் ஆனைக் கற்றாழையும் ஒரே வரிசையில், "கற்றாழை" என்று மட்டும் எழுதிய ஒரே பலகையின் கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது, நம் வீடுகளில் முகத்திலும் தலையிலும் தேய்த்துக்கொள்வது. இரண்டாவது மெக்சிகோவிலிருந்து வந்த வேறொரு இனம்; அதன் சாற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் தோலில் பட்டால் எரிச்சலும் தடிப்பும் உண்டாகும். இலையை ஒடித்தால் வழவழப்பான சோறு தெரிவது சோற்றுக் கற்றாழை, எளிதில் ஒடியாமல் நாராக இழுப்பது ஆனைக் கற்றாழை என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். முதன்முறை வாங்க வரும் ஒரு பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? நான் அங்கே நின்றிருந்தபோதே ஒருவர் ஆனைக் கற்றாழையைக் கையிலெடுத்து, முடிக்கு நல்லதா என்று கேட்டார். பெரியவர் அருகில் இருந்ததால் தடுத்துச் சொன்னார். அவர் இல்லாத நாளில் யார் சொல்வார்கள்? இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்ப்பலகை வைக்கும் வரை என் மதிப்பீடு நான்கு நட்சத்திரம்.