மெனோபாஸ் ஆலோசனைக்கு மேற்கு மாம்பலத்தில் ஒரு நல்ல கிளினிக்

எனக்கு வயசு 49. சாப்பாடு அதே அளவுதான், ஆனால் புடவைக் கொசுவம் செருகும் இடத்தில் மட்டும் சதை ஏறிக்கொண்டே போனது. முன்பு பார்த்த இடத்தில் "ராத்திரி சாதத்தை நிறுத்துங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அயோத்தியா மண்டபம் பக்கம், மாடியில் இருக்கும் இந்தச் சின்ன கிளினிக்கில்தான் காரணம் சொன்னார்கள்.

டாக்டரம்மா பேப்பரில் படம் போட்டே விளக்கினார். ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதியில் வேலை செய்து பசியைக் கட்டுக்குள் வைக்கிறது. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் சொல்லும் "போதும்" அங்கே எடுபடவும், இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யவும் உதவுகிறது. அது இருக்கும்வரை கொழுப்பு பெரும்பாலும் இடுப்பு, தொடையில் சேரும். மாதவிடாய் நிற்கும் மெனோபாஸ் சமயத்தில் அது குறைந்ததும் வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கும். எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போடாமல், வயசோடு தசை குறைவதையும் சொன்னார். அந்த நேர்மை ரொம்பப் பிடித்தது.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விடச் சொல்லி அளந்தார்கள். வயிற்றுச் சுற்றளவுக்கு இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.தான் வரம்பாம். இட்லியை நிறுத்தச் சொல்லவில்லை. கெட்டிச் சாம்பார், சுண்டல், முட்டை சேர்த்துக்கொண்டு, எடை தூக்கும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஹார்மோன் மாத்திரை கேட்டேன். எடை குறைக்க அதைத் தருவதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

லிஃப்ட் இல்லை, முட்டிவலி இருப்பவர்கள் யோசித்துப் போங்கள். சாயங்காலம் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுவது நல்லது.