சிறையிலிருந்து வந்தவருக்கு எது பொருந்தும்: புப்ரினார்ஃபினா, நால்ட்ரெக்ஸோனா, மருந்தில்லா மறுவாழ்வு இல்லமா?

டாபென்டடால் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுப் பழகியவர் நாகர்கோவிலிலோ பாளையங்கோட்டையிலோ சில மாதம் உள்ளே இருந்தால், உடம்புக்குப் பழைய தாங்குதிறன் போய்விடும். வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றுவார், மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் போதைமருந்து மிகுதியால் சாகும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு இருந்தது.

வீட்டார் முதலில் நாடுவது மறுவாழ்வு இல்லத்தை. மருந்தே கொடுக்காத இல்லம் என்றால் ஆபத்து தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். தாங்குதிறன் இன்னும் குறைந்த உடம்போடு வீடு திரும்புவார்.

நால்ட்ரெக்ஸோன் போதை ஏறவிடாமல் தடுக்கும். தினம் 50 மி.கி., அல்லது திங்கள், புதன் 100, வெள்ளி 150. தொடங்குமுன் 7 முதல் 10 நாள் ஓபியாய்டு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. இருந்தால் கடும் வாந்தியும் பேதியும் வரும். 'உள்ளேதானே இருந்தார்' என்று நம்பாமல் சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். கல்லீரல் சோதனையும் வேண்டும். இதன் பெரிய பலவீனம், பலர் பாதியில் விடுவது. விட்டபின் பழைய அளவு எடுத்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஒருவர் கையால் கொடுத்து விழுங்கவைக்க முடிந்தால் மட்டும் இதற்குப் போகலாம்.

பெரும்பாலோருக்கு எங்கள் தேர்வு புப்ரினார்ஃபின். இதுவும் ஓபியாய்டுதான்; போதை ஏக்கத்தை அடக்கும், போதைமருந்து மிகுதியால் வரும் சாவையும் குறைக்கும். சிறையில் ஓபியாய்டு எதுவும் எடுக்காமல் இருந்தவருக்கு மருத்துவர் 2 மி.கி. அல்லது அதற்கும் கீழே தொடங்கி மெல்ல ஏற்றுவார். பழைய மருந்துச் சீட்டில் உள்ள அளவை அப்படியே தொடரக்கூடாது. நாக்குக்கு அடியில் முழுதும் கரையவேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையோ டாஸ்மாக் சரக்கோ சேர்ந்தால் மூச்சு அடங்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு மருந்தின் வேகம் குறையும், முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

சிக்கல் மருந்தைவிட நேரத்தில். புப்ரினார்ஃபின் தரும் ஓ.எஸ்.டி. (மாற்றுமருந்துச் சிகிச்சை) மையத்தில் தொடக்கத்தில் தினம் நேரில் போய்ச் சாப்பிடவேண்டும். கண்டிஷன் பெயிலுக்கு ஸ்டேஷன் கையெழுத்தும் பெரும்பாலும் காலையில்தான். ரப்பர் பால்வெட்டுபவர் விடியுமுன் வேலை தொடங்குவதால் பிற்பகலில் வரலாம். தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவருக்கு இது நடக்காது; அளவு நிலைப்படும்வரை கரையில் வேலை பார்க்கட்டும்.

விடுதலைக்கு முன்பே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் கேட்டு, முதல் நாளைக் குறித்துவிடுங்கள். வழி தெரியாவிட்டால் போதைமீட்பு உதவி எண் 14446ஐ அழையுங்கள். உதடு நீலமாகி, எழுப்பினால் எழாவிட்டால் 108ஐ அழைத்து 'போதை ஊசி' என்று தயங்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டின் வேகத்தை முறிக்கும் நலோக்சோன் ஊசி தேவைப்படும்.