என் செவெல்லுக்கு எடெல்பிராக் 1406

என் 1969 செவ்ரலே செவெல் கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பழைய கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு, எடெல்பிராக் கம்பெனியின் 1406 மாடல் கார்பரேட்டரைப் போட்டேன். 600 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று), குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் எலெக்ட்ரிக் சோக்; 350 கன அங்குல எஞ்சினுக்குத் தாராளம். சாவியைத் திருப்பியதுமே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி ஷெட்டிலேயே வெகுநேரம் நின்றேன்.

பழைய மேனிஃபோல்டில் (கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) இது நேராக உட்காராது, அடாப்டர் தட்டு வேண்டும். சோக் வயரைச் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் இடத்தில் கொடுங்கள், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலில் வேண்டாம். பெட்ரோலைத் தள்ளும் பம்பின் அழுத்தம் 6.5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பெட்ரோல் ஹோஸையும் கூடவே மாற்றிவிடுங்கள். என்னுடையது விரலால் மடக்கியதுமே விரிசல் விட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுத்துவிடும். சூடான எஞ்சின்மேல் கசிந்தால் வண்டியே தீப்பிடிக்கலாம். நான் 30ஆர்9 என்ற தரக் குறியீடு அச்சிட்ட ஹோஸ்தான் வாங்கினேன்.