திருவொற்றியூரில் ஒரு ஞாயிறு தியான வகுப்பு

வேலை நிலைக்குமா, வீட்டுக் கடன் அடையுமா என்று இரவெல்லாம் கணக்குப் போடுபவர்களுக்கு இந்த வகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கட்டணம் இல்லை, உண்டியலும் கண்ணில் படவில்லை. நடத்துகிற ஓய்வுபெற்ற ஆசிரியை எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. மாறாக, சிறிது நேரம் மூச்சைக் கவனிக்கச் செய்தபின், மனத்தை அரிக்கும் கவலைகளுள் இன்றே கையால் தீர்க்கக்கூடிய ஒன்றை மட்டும் துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். “மிச்சத்த வடிவுடையம்மா பாத்துக்குவா, நீ தூங்கும்மா” என்று இவ்வூர்க் கோயில் அம்மனைக் குறிப்பிட்டு அருகிலிருந்த மீன் விற்கும் பெண்ணிடம் அவர் சொன்னார். தூக்கமின்மை நீடிப்பவர்களிடம் தியானம் மட்டும் போதாது என்று கூறி, அரசின் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் தருவது அவருடைய நேர்மைக்குச் சான்று.

பிறகு விரும்புவோர் பட்டினத்தார் சமாதிக்குச் செல்கிறார்கள். பெருஞ்செல்வத்தைத் துறந்தவர் என்று மரபு போற்றும் அவர்முன் அமர்ந்தபோது என் கடன் சற்றுச் சிறுத்துத் தெரிந்தது; வட்டி குறையவில்லை என்பது வேறு விஷயம்.

கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் அவ்வப்போது கவனத்தைக் கலைக்கிறது. முட்டிவலிக்காரர்களுக்கு நாற்காலிகள் போதவில்லை. சற்று முன்னதாகவே சென்றுவிடுவது நல்லது. தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.