பார்வை மங்கினால் முதலில் யாரிடம்: ஒப்டோமெட்ரிஸ்டா, கண் வைத்தியரா, கண்ணாடிக் கடையா?

"கண் காட்டப் போறன்" என்று மட்டக்களப்பில் ஒருவர் சொன்னால், எங்கே என்று திரும்பக் கேட்கவேண்டியிருக்கிறது. போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்காகவும் இருக்கலாம், சந்தியடிக் கண்ணாடிக் கடையாகவும் இருக்கலாம். கண் வைத்திய நிபுணர் மருத்துவம் படித்து, அதற்குமேல் கண்ணைப் படித்தவர். மருந்து, லேசர், வெண்புரைச் சத்திரசிகிச்சை எல்லாம் அவருடையவை. கண்ணாடிக் கடையில், எழுதித் தந்த பவருக்கு லென்ஸ் வெட்டிப் பிரேமில் பூட்டுபவர் ஒப்டீஷியன். இடையில் நிற்கும் ஒப்டோமெட்ரிஸ்டைத்தான் பலருக்கு விளங்குவதில்லை. பவரை அளந்து எழுதுவது அவர் வேலை. அளக்கும்போது நோயின் அடையாளம் தெரிந்தால் வைத்தியரிடம் அனுப்பிவிடுவார். கத்தி பிடிக்கமாட்டார்.

நோவும் சிவப்பும் இல்லாமல் பார்வை மெல்ல மெல்ல மங்கி வந்தால், நான் ஒப்டோமெட்ரிஸ்ட் பக்கம். காரணம், அளவெடுக்கும் விதம்.

நாடியை வைத்து ஒரு படத்தைப் பார்க்கச் சொல்லி, சில நொடியில் துண்டு கக்கும் இயந்திரம் தருவது தொடக்கக் கணக்கு மட்டுமே. பிள்ளைகள் அதற்குள் கண்ணை இறுக்கிக் கிட்டப் பார்ப்பதால் மைனஸ் கூடிக் காட்டும். அந்தத் துண்டை அப்படியே லென்ஸாக்கினால் தலையிடிதான். ஒழுங்கான ஒப்டோமெட்ரிஸ்ட் சோதனைப் பிரேமை மூக்கில் மாட்டி, முதலில் பிளஸ் லென்ஸால் வேண்டுமென்றே மங்கலாக்குவார். பிறகு 0.25, 0.25 டயொப்டராக (பவரின் அலகு) குறைத்துக்கொண்டு வந்து, எழுத்து முதன்முதல் தெளிகிற இடத்தில் நிறுத்துவார். அடுத்தது அச்சு, அதாவது சிலிண்டர் பவர் எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்பது. பிறகு இரண்டு கண்ணும் சேர்த்து. இதை 5 நிமிடத்தில் முடிக்கமுடியாது. கிளினிக்கில் வரிசை வாசல்வரை நிற்கும்போது வைத்தியரிடம் இதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

நாற்பது தாண்டியவர்களுக்கு இன்னொரு கேள்வி முக்கியம்: என்ன தொழில், எவ்வளவு தூரத்தில்? வாசிப்புப் பவரைப் பொதுவாக 40 சென்ரிமீற்றருக்கு அளப்பார்கள். மருதமுனைத் தறியில் 50 சென்ரிமீற்றரில் இழை பார்ப்பவருக்கு அதையே போட்டால் 0.50 கூடிப்போகும். அவர் நாள் முழுக்கத் தலையை முன்னே நீட்டுவார், பின்னேரம் கழுத்து நோகும், பழி கண்ணாடிக்கு வரும். போகும்போது வேலைத் தூரத்தை ஒரு நூலால் அளந்துகொண்டு போங்கள்.

ஒப்டீஷியனைக் குறைத்துச் சொல்லவில்லை. பவர் சரியாக இருந்தும் கண்ணாடி பிழைப்பது அநேகமாக அவர் மேசையில்தான். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே வரவேண்டும். −6.00 பவரில் 3 மில்லிமீற்றர் விலகினாலே 1.8 முப்பட்டக டயொப்டர் விளைவு வரும், அதாவது பார்க்கும் பொருள் இடம் விலகித் தெரியும், கண் இழுபடும். தூரப் பவரும் கிட்டப் பவரும் ஒரே லென்ஸில் இருக்கும் புரோகிரசிவ் லென்ஸுக்கு, பிரேமை முகத்தில் மாட்டியபடியே கண்மணியின் உயரத்தைக் குறிக்காத கடையில் காசைக் கட்டாதீர்கள். குறித்தாலும் சிலருக்கு இரண்டு கிழமையில் பழகும், சிலருக்குப் பழகாமலே போகும்.

நேரே வைத்தியரிடமே போகவேண்டிய ஆட்களும் உண்டு. மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தால், திரை இறங்கியதுபோல் ஒரு பக்கம் மறைந்தால், திடீரெனப் பார்வை போனால், கண் நொந்து சிவந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஊசித்துளை அட்டை வழியாகப் பார்த்தும் எழுத்து தெளியவில்லை என்றால் கோளாறு பவரில் மட்டும் இல்லை என்று பொருள். ஒப்டோமெட்ரிஸ்ட் அங்கேயே நிறுத்தி, கடிதம் தரவேண்டும்.

சீனி வருத்தக்காரருக்கு இரண்டு பேரும் வேண்டும். சீனி ஏறிக் கிடக்கும்போது எடுத்த பவர், மருந்தில் அது இறங்கியதும் பொருந்தாது. சில கிழமை நிலையாக இருந்தபின் அளவெடுங்கள். பார்வை தெளிவாக இருந்தாலும் வருடம் ஒருமுறை சொட்டு விட்டு விழித்திரையைக் காட்டவேண்டும். சொட்டுவிட்டால் சில மணித்தியாலம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்ட மகனையோ மருமகனையோ கூட்டிப் போங்கள்.