அரிசி ஆலையில் மோட்டாரும் டிரைவும்: சில வருட அனுபவம்

மேலூர் பக்கம் எங்கள் அரிசி ஆலையில் ஷெல்லர், பாலிஷர், எலிவேட்டர், பாய்லர் ஃபேன் என்று சின்னதும் பெரிசுமாக மோட்டார்கள் ஓடுகின்றன. பெரியாறு கால்வாய்ப் பாசனத்து நெல் வந்து குவிகிற நேரத்தில் ஒரு மோட்டார் எரிந்தால், காயில் கட்டுகிற கூலியைவிட ஆலை நின்ற நாட்களின் கணக்குதான் வலிக்கும். ஸ்டார்ட்டர் மட்டும் வைத்து ஓட்டிய காலம், டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி கருவி) வந்த பிறகான காலம், இரண்டையும் பார்த்தாயிற்று. டிரைவ் போட்டால் மோட்டாருக்கு ஆயுள் கூடும் என்று விற்பவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. லைனிலிருந்து வரும் தொல்லைகளை அது வாங்கிக்கொள்ளும். தன் பங்குக்குப் புதிதாகச் சிலதைக் கொண்டுவரும்.

முதலில் டிரைவ் இல்லாத மோட்டார்கள். இவற்றுக்கு எமன், மூன்று பேஸ் லைனில் ஒரு பேஸ் போவதுதான். எரிந்த மோட்டாரைப் பிரித்தாலே சேதி தெரிந்துவிடும். காயில்களை இணைப்பதில் ஸ்டார், டெல்டா என்று இரண்டு வகை: ஸ்டார் இணைப்பு என்றால் இரண்டு பேஸ் காயில் கருகி மூன்றாவது புதுசாக இருக்கும், டெல்டா என்றால் ஒன்று மட்டும் கருகியிருக்கும். இதற்குத்தான் பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற ப்ரிவென்டர் இருக்கிறதே என்பீர்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது வோல்டேஜைப் பார்க்கிற வகை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், போன பேஸிலும் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். சுற்றுவட்டாரத்தில் கண்டன்சர் போட்டு டூ பேஸில் பம்புசெட் ஓட்டுகிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம், செத்த பேஸிலும் உயிர் இருப்பது போலத் தெரியும். ப்ரிவென்டர் ஏமாந்துவிடும். நாங்கள் மோட்டாருக்குப் போகும் கரண்டையே மூன்று வயரிலும் பார்க்கிற டிஜிட்டல் ரிலேக்கு மாறினோம். விலை கூடத்தான். ஆனால் மாற்றிய பிறகு பேஸ் போய் காயில் கட்டக் கொடுத்ததில்லை.

அதிலும் ஒரு குறை சொல்ல வேண்டும். பேஸ்களுக்கு இடையே வோல்டேஜ் ஒரு சதவீதம் ஏறுமாறாக இருந்தால், கரண்டு ஆறு முதல் பத்து சதவீதம் ஏறுமாறாகும். ரிலேயை இறுக்கமாக செட் செய்தால் சாயங்கால லோ வோல்டேஜில் அடிக்கடி ட்ரிப் ஆகும். நைட் ஷிப்டு ஆபரேட்டர் ஒருவர் சலித்துப்போய் ஒரு துண்டு வயரால் ரிலேயை பைபாஸ் பண்ணி வைத்திருந்தார்! இப்போது ட்ரிப்புக்குச் சில விநாடி தாமதம் கொடுத்து, கரண்டு திரும்பியதும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் எழும்பாதபடி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆன் டிலே வைத்திருக்கிறோம். புகார் நின்றுவிட்டது.

ஸ்டார் டெல்டா போர்டு (மோட்டாரை ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றுகிற ஸ்டார்ட்டர்) வைத்திருப்பவர்கள், கரண்டு அளவு மீறினால் நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயின் டயலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 15 ஹெச்பி மோட்டாரின் பெயர்ப்பலகையில் சுமார் 21 ஆம்பியர் இருக்கும். ரிலே மோட்டார் வயரோடு டெல்டாவுக்குள் இருந்தால் அதில் 58 சதவீதம், அதாவது 12 சொச்சம்தான் வைக்க வேண்டும். 21-இல் இருக்கிற ரிலே, இருந்தும் இல்லாத மாதிரி.

சரி, டிரைவுக்கு வருவோம். தவிட்டுத் தூசிக்குப் பயந்து டிரைவை பேனல் ரூமிலேயே வைத்து, பாய்லர் ஃபேனுக்கு நீளமாக கேபிள் இழுத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே மோட்டார் போனது. வைண்டிங் கடையில் பிரித்துக் காட்டினார்கள்: காயில் பளபளவென்று இருந்தது, கருகல் வாடையே இல்லை. லீடு சேருகிற இடத்தில், முதல் சுற்றில் மட்டும் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. 415 வோல்ட் உள்ளே போனால் அதை டிரைவ் டிசியாக மாற்றி வைக்கிற இடத்தில், டிசி பஸ் என்பார்கள், 560 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதைத்தான் டிரைவ் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது. கேபிள் நீளமாக இருந்தால் அந்தத் துண்டு மோட்டார் முனையில் மோதித் திரும்பி, ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆயிரத்துக்கு மேல் வோல்ட் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை அடித்தால் காயில் வயரின் சாதா எனாமல் பூச்சு எத்தனை நாள் தாங்கும்? மறுபடி கட்டும்போது டிரைவுக்கென்று வரும் இரட்டைப் பூச்சு வயரில் கட்டச் சொன்னோம், டிரைவ் வெளியேறும் பக்கம் வோல்டேஜ் திடீரென்று எகிறுவதை மட்டுப்படுத்துகிற ஒரு டிவி/டிடி (dV/dt) ஃபில்டர் சேர்த்தோம். உள்ளே வரும் பக்கம் சோக் முதலிலிருந்தே உண்டு. அதன் பிறகு அந்த மோட்டார் வைண்டிங் கடைப் பக்கம் போகவில்லை.

அடுத்து பேரிங். இது என்னைக் கொஞ்சம் அலைக்கழித்த விஷயம். ப்ளோயர் மோட்டாரில் ஊளைச் சத்தம். பேரிங் மாற்றினால் சில மாதம் அமைதி, மறுபடி அதே ஊளை. அலைன்மென்ட், பெல்ட், கிரீஸ் எல்லாம் பார்த்தாயிற்று. எங்கள் மெக்கானிக் ஒரு பேரிங்கை வெட்டி வெளிச் சுற்றை வெளிச்சத்தில் காட்டினார். பந்து ஓடுகிற பாதை முழுக்க தகரக் கூரை மாதிரி வரிவரியாக மடிப்பு, கிரீஸ் கருத்துப் போயிருந்தது. "அண்ணே, இது லோடுல போன பேரிங் இல்ல, கரண்டு தின்ன பேரிங்" என்றார். டிரைவ் கொடுக்கும் மூன்று பேஸின் வோல்டேஜையும் கூட்டினால் பூஜ்யம் ஆவதில்லை. மிச்ச வோல்டேஜ் ஷாஃப்டில் சேர்ந்து, கிரீஸ் படலத்தைப் பொத்துக்கொண்டு பேரிங் வழியாக எர்த்துக்குப் பாய்கிறது. ஷாஃப்டில் கார்பன் இழை எர்த்திங் ரிங் மாட்டினோம், டிரைவ் வோல்டேஜை வெட்டுகிற வேகமான கேரியர் ஃப்ரீக்வென்சியை 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4-க்கு இறக்கினோம், மோட்டார் பாடியிலிருந்து டிரைவுக்கு நேரடியாக எர்த் வயர் இழுத்தோம். ஃப்ரீக்வென்சி இறங்கியதால் மோட்டார் இப்போது கொஞ்சம் கீச்சென்று கத்தும். பரவாயில்லை, பேரிங் நிற்கிறது. ரிங்கில் தவிடு எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டும் என்பதால் மாதாமாதம் துடைக்க வேண்டியிருக்கிறது. இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

மழைக்காலத்து இடிக்கு மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் (திடீரென்று எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடுகிற கருவி) இருக்கிறது. அதன் வயர் அரை மீட்டருக்குள் இருந்தால்தான் வேலை செய்யும், சுற்றி வளைத்து இழுத்தால் வீண். அதிலுள்ள பச்சை ஜன்னல் சிவப்பானால் கார்ட்ரிட்ஜை மாற்றிவிடுங்கள். டிரைவ் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்டு கசிந்தால் விழுகிற பிரேக்கர்) போட்டால் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். டிரைவில் உள்ள ஃபில்டரே அவ்வளவு கரண்டை எர்த்துக்குக் கசியவிடும். மோட்டாரின் இன்சுலேஷனைச் சோதிக்க மெக்கர் அடிக்கும்போது டிரைவைக் கழற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மெக்கரே டிரைவைத் தீர்த்துவிடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் பேனல் ரூமுக்குள் 40 டிகிரி தாண்டுவது எங்கள் ஊரில் சாதாரணம். பல டிரைவ்கள் அதற்கு மேல் முழு லோடு தராது. பேனலின் காற்று ஃபில்டர் துணியை வாரம் ஒரு முறை தட்டுகிறோம், டிரைவின் உள் ஃபேனைச் சத்தம் மாறியதுமே மாற்றுகிறோம். ஸ்பேர் டிரைவ் ஒன்று அலமாரியில் கிடக்கிறது. உள்ளே இருக்கிற கண்டன்சர் கெட்டுப்போகாமல் இருக்க அதற்கும் வருடத்துக்கு ஒரு தடவை கரண்டு கொடுத்துச் சில மணி நேரம் விட்டுவைக்கிறோம்.