காலேஜ் ஃபுட்பால் 26: டைனஸ்டிக்காக வாங்கலாம்

இஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட காலேஜ் ஃபுட்பால் 26, அமெரிக்கக் கல்லூரிகளின் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ பற்றிய வீடியோ ஆட்டம். அதை வாங்குவதென்றால், பயிற்றுநராக அணியை நடத்தும் ‘டைனஸ்டி’ பகுதிக்காக வாங்குங்கள். இணையத்தில் முகம் தெரியாத அமெரிக்கர்களோடு மோதத்தான் என்றால், கோலாலம்பூரில் இருப்பவருக்கு, வெளியானபோது வைத்த 69.99 டாலர் விலை அதிகம்.

முதலில் கருவியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5), எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே வந்திருக்கிறது. கணினிக்கும் பிஎஸ்4-க்கும் கிடையாது. லோயாட் பிளாசா பக்கம் அமெரிக்க டிஸ்க் கிடைத்தால் நம்மூர் பிஎஸ்5-இல் ஓடும். ஆனால் ஆட்டத்துக்குள் பயன்படுத்தும் புள்ளிகளை வாங்கும்போது டிஸ்க்கின் வட்டாரமும் உங்கள் கணக்கின் வட்டாரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டிய காசு ஆட்டத்தில் சேராது.

இந்தத் தொடர்மேல் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு பாசம் என்பதற்குக் காரணம் உண்டு. 2013-இல் வந்த பதிப்போடு தொடர் நின்றுபோனது. மாணவர்களின் உருவத்தைப் பணம் கொடுக்காமல் பயன்படுத்தியதாக முன்னாள் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் 2009-இல் தொடுத்த வழக்குதான் வேர். 2021-இல் விதி மாறி, மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2024 ஜூலையில் தொடர் திரும்பியபோது, சம்மதம் தந்த ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 600 டாலரும் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். அந்தப் பதிப்பில் அரங்கின் ஆரவாரத்தையும் பேண்டு வாத்தியத்தையும் கொண்டாடிய அதே ரசிகர்கள், நிஜப் பயிற்றுநர்கள் இல்லையே என்றும், ஒரே ஆட்டக்காரராக வளரும் ‘ரோட் டு குளோரி’ பகுதியில் இடைநிலைப்பள்ளிக் கட்டம் இல்லையே என்றும் குறைபட்டார்கள். 2025 ஜூலை 10-இல் வந்த இந்த 26-இல் இரண்டும் வந்துவிட்டன. குறை கேட்கப்பட்டிருக்கிறது என்பது உண்மையிலேயே மகிழ்ச்சி.

இப்போது டைனஸ்டி. பயிற்றுநராக ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்து 30 பருவம் வரை நடத்தலாம். இதன் உயிர் ஆள் சேர்ப்பில் இருக்கிறது. நம்மூர்க் கணக்கில் சொன்னால், ஐந்தாம் படிவ மாணவரின் வீட்டுக்குப் போய் உபகாரச் சம்பளம் பேசி அழைத்து வருவது. பட்டியலில் 35 பேர் வரை வைக்கலாம். ஒவ்வொரு வாரமும் உங்களுக்குக் குறிப்பிட்ட மணிநேரம் தரப்படும். உபகாரச் சம்பளம் அறிவிக்க 5 மணி, நேரடிச் செய்தி அனுப்ப 10, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொடர்புகொள்ள 25, எல்லா வழியிலும் முயல 50.

புதியவர்கள் தவறுவது இங்கேதான். சிறிய அணியை எடுத்துவிட்டு ஐந்து நட்சத்திரத் தரமுள்ள மாணவர்கள் மூவர்மேல் தலைக்கு 50 மணியைக் கொட்டுவார்கள். பெரிய அணி ஒன்று நுழைந்ததும் அத்தனையும் வீண். முதல் வாரமே பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் உபகாரச் சம்பளத்தை அறிவித்துவிடுங்கள். உங்கள் அணிக்குச் செல்வாக்குள்ள வட்டாரத்து மூன்று நட்சத்திர மாணவர்களுக்கு 25 மணி வீதம் பிரித்துப் போடுங்கள். ஒருவருக்கு எவை முக்கியம் என்று தெரிந்தபின், அவற்றையே எடுத்துச் சொல்லி அழுத்திப் பேசும் 40 மணி ‘ஹார்ட் செல்’, எல்லா வழியிலும் முயலும் அந்த 50-ஐவிட நன்றாக வேலை செய்யும். அரங்குக்கு அழைக்கும்போது பந்தெறிபவரையும் பந்து பிடிப்பவரையும் ஒரே வாரத்தில் அழையுங்கள், கூடுதல் பலன் உண்டு. ஒரே இடத்துக்குப் போட்டியிடும் இருவரைச் சேர்த்து அழைத்தால் குறையும். பருவம் தொடங்குமுன் அணி 85 பேருக்குள் வர வேண்டும். பந்தை உதைப்பவரைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

ஒவ்வொருவருக்கும் விட்டுக்கொடுக்காத நிபந்தனை ஒன்று இருக்கும். ஆடும் வாய்ப்புதான் அது என்றால், அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தால் அடுத்த ஆண்டு வேறு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிடுவார். ‘வளர்த்த பையனை இழந்தேன்’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே ஆண்டு முடிவில் இந்த நிபந்தனைகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

களத்தில், மேடன் (தொழில்முறை லீகைப் பற்றிய இஏ ஆட்டம்) ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு திருத்தம். ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தை வைக்கும் இடத்தின் எல்லையைக் காட்டும் இரண்டு உட்கோடுகளுக்கும் இடையே தொழில்முறைத் திடலில் 18 அடி 6 அங்குலம்தான், கல்லூரித் திடலில் 40 அடி. பந்து வலக்கோட்டில் நின்றால் இடப்பக்கம் விரிந்து கிடக்கிறது. ஓடும் ஆட்டத்தை அந்தப் பக்கம் திருப்பினால் ஓட இடம் அதிகம். குறுகிய பக்கம் ஓடிவிட்டு ‘தடுப்பு ரொம்பக் கடினம்’ என்று சொல்வதில் நியாயமில்லை.

வெளியூர் அரங்கில் சத்தம் ஏறினால் திரை நடுங்கும், ஓட்டப்பாதைக் கோடுகள் நெளிந்து திரியும், யார் எங்கே ஓடுகிறார் என்று படிக்க முடியாது. முதலாண்டுப் பந்தெறிபவரை அங்கே இறக்கினால் இன்னும் மோசம். நன்றாகப் பழகிய நான்கைந்து குறுந்தூர ஆட்டங்களை மட்டும் எடுத்துப்போங்கள். கோடு நெளிந்தாலும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

இணைய ஆட்டத்துக்கு வருவோம். இங்கிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்குச் சமிக்ஞை போய்த் திரும்ப ஏறக்குறைய 200 மில்லி விநாடி ஆகும். நொடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) என்றால் 12 சட்டகம் பிந்துகிறீர்கள். எறியும் சக்திக்கோட்டை நீலப் பகுதியில் நிறுத்த வேண்டிய ஆட்டத்தில் 12 சட்டகம் என்பது பந்து எதிரியின் கைக்குப் போவது. எவ்வளவு நல்ல ஃபைபர் போட்டாலும் கடலின் தூரம் குறையாது. ஆட்டக்காரர் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டும் ‘அல்டிமேட் டீம்’ பக்கம் போகவே வேண்டாம். காசு கொட்டியவர் அட்டைகளோடு மோத வேண்டும், அதுவும் அந்தத் தாமதத்தோடு.

நண்பர்கள் இருந்தால் டைனஸ்டியை 32 பேர் வரை சேர்ந்து நடத்தலாம். கோலாலம்பூருக்குள்ளேயே நாலு பேர் கிடைத்தாலும் போதும். நேருக்கு நேர் மோத வேண்டுமென்றால் ஒரே வீட்டில் இரண்டு கண்ட்ரோலரை மாட்டி ஆடுங்கள், தாமதம் என்ற பேச்சே இருக்காது.